கடன் பக்கம்

வலே பள்ளத்தாக்கில், பனியாறு உருகி இறங்கும் சரிவில்
பாறையின் விலாவைச் செதுக்கிக்கொண்டு போகிறது எங்கள் வாய்க்கால்.
முழங்கால் ஆழம். பங்குக்காரர் முப்பத்தொரு வீடு.
வீட்டுக்கு ஒரு குச்சி, லார்ச் மரத்தில்.
ஒரு முகத்து வெட்டுகள்: உனக்கு எத்தனை மணி நேரத் தண்ணீர்.
மறுமுகத்து வெட்டுகள்: நீ மண்வெட்டி பிடிக்கவேண்டிய நாள்கள்.
குச்சிகளைத் தோல்வாரில் கோத்து
ஆணியில் மாட்டி வைத்திருப்பவன் நான்,
கிளெமென்ஸ் ஆந்தமாட்டன்.
பொருளாளர் என்பார்கள். சாவி உண்டு, பொருள் இல்லை.

மே முதல் சனிக்கிழமை தூர் வாரும் நாள்.
நகரத்தில் லத்தீன் நடத்தும் ஒட்டிலியா
சேற்றில் நின்றபடி ஒரு சொல்லைத் தோண்டினாள்:
"நாம் நம்மைக் கூப்பிட்டுக்கொள்ளும் பெயர் இருக்கிறதே,
உடைத்தால் உள்ளே இரண்டு துண்டு.
கொம் என்றால் கூட.
மூனுஸ் என்றால்"
(இங்கே ஒரு கல் வழிமறித்தது,
இருவராகப் புரட்டினோம்)
"சுமை. கடமை. கொடை. மூன்றும் ஒரே சொல்."

கொடையும் சுமையும் எப்படி ஒன்றாகும் என்றான் லியோன்ஸ்.
"உன் கல்யாணத்துக்கு நான் தந்த செப்புக் குண்டான்
இன்னும் இருக்கிறதா?"
"இருக்கிறது."
"அடுத்த மாதம் என் மகளுக்குக் கல்யாணம்."
லியோன்ஸ் குனிந்து மண்ணை அள்ளினான்.

அந்த மூனுஸ் இல்லாதவன்?
"இம்யூனிஸ். சுமை விலக்கப்பட்டவன்.
வைத்தியர்கள் பின்னால் வந்து எடுத்துக்கொண்ட சொல்."
யாரும் சொல்லாமலே எல்லோரும் மேலே பார்த்தோம்,
கண்ணாடிச் சுவர் வைத்த புது வீட்டை.
சூரிக் பல் டாக்டர் வருஷா வருஷம்
உறையில் இருநூறு பிராங்க் அனுப்பிவிடுவார்,
வராத நாளுக்கு அபராதம், சல்லிக்காசு பாக்கியில்லாமல்.
நல்ல மனிதர்.
அவர் நாயின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

ஜூன் ஒன்பது, பின்னிரவு, மலை ஒருமுறை இருமியது.
கரை உடைந்து தண்ணீர் கல்லறைத் தோட்டத்தில் இறங்கிற்று.
மணி அடித்தோம். இருபத்தாறு வீடு வந்தது.
இருட்டில் வாளிகள் கைமாறி வருகையில்
ஒரு கை மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.
தலைவிளக்கைத் திருப்பினேன்.
எவுலாலியா சர்தீன்ஹா, போர்த்துக்கல்காரி,
விடுதியில் படுக்கை விரிப்பவள்,
போன டிசம்பரில் ஆளற்றுக் கிடந்த கோடி வீட்டை வாங்கியவள்.
பங்கு இல்லை, குச்சி இல்லை,
அவள் அவரைக்கொடிக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை.
ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு
காதைத் தொட்டுக் காட்டி
"மணி" என்றாள்.

விடிந்ததும் லார்ச் துண்டு ஒன்றைச் சீவினேன்.
தண்ணீர் முகத்தில் வெட்டப் போன கையை
ஒட்டிலியா பிடித்தாள். திருப்பு, என்றாள்.
"உதவ வந்தவள் பேரிலா கடன் எழுதுவது?"
"நன்றி சொல்லி அனுப்பினால் அவள் விருந்தாளி.
விருந்து எத்தனை நாளைக்கு, கிளெமென்ஸ்?"

எவுலாலியாவிடம் கேட்டேன், வருஷத்துக்கு எத்தனை நாள்.
நாலு விரல் காட்டினாள்.
சேறு காய்ந்து வெடித்திருந்த விரல்கள்.
நாலு வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும்
உதடு அசைத்து எண்ணினாள்,
கடனை அல்ல, சம்பளத்தை எண்ணுவதுபோல்.
குடும்பக் குறி வேண்டுமே என்றதும்
கத்தியை வாங்கி அவளே கீறினாள்:
ஒரு மீன்முள், கொஞ்சம் கோணல்.

தண்ணீர் அதற்குப் பிறகுதான்.
கடைசியாகச் சேர்ந்தவருக்குக் கடைசி முறை,
புதன் பின்னிரவு இரண்டு நாற்பது.

போன புதன் ரப்பர் பூட்ஸுடன் நின்றிருக்கிறாள்,
மேல்மடையை லியோன்ஸ் எப்போது அடைப்பான் என்று.
காலையில் என் கதவு அதிர்ந்தது.
வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை:

"லியோன்ஸ் நாலு நிமிடம் தாமதம்.
அவர் எனக்குத் தரவேண்டும். எழுதுங்கள்."

எழுதினேன்.
எங்கள் ஊர்ப் பேச்சில் அவள் பேசிய
முதல் முழு வாக்கியம் அது.